நண்டுக்கு என்ன நிறம்?

எங்கள் பங்கின் பாதுகாவலர் புனித பிரான்சிஸ் சவேரியார். மதுரைக்கு வடக்கே, கடற்காற்று எட்டிப் பாராத ஓர் ஊரில் அவருக்கு ஆலயம் எழுந்தது எப்படி என்பது தனிக்கதை. அதை இங்கே விடுவோம். டிசம்பர் 3-ஆம் நாள் திருவிழா. சென்ற ஆண்டு, விழாவுக்கு ஒரு திங்களுக்கு முன் கூடிய கூட்டத்தில் இளையோர் ஒரு கருத்தை முன்வைத்தனர். சவேரியார் கடல்வழி வந்தவர், கடலோர மக்களிடையே உழைத்தவர். ஆகவே ஆலய முகப்பும் கலைநிகழ்ச்சி மேடையும் இம்முறை கடலாகவே இருக்கட்டும் என்றனர். பங்குத்தந்தை இசைந்தார். பீடத்தருகே மட்டும் எந்த ஒப்பனையும் வேண்டாம், அங்கே பூ போதும் என்று வரம்பு கட்டினார். அது சரியான முடிவு என்றே இன்றும் எண்ணுகிறேன்.

வேலைகள் பங்கிடப்பட்டன. நங்கூரம் ஒருவருக்கு, கப்பல் சக்கரம் ஒருவருக்கு, அலைகள் மரியாயின் சேனையினருக்கு. நண்டுகள் எனக்கு. அதற்குக் காரணம் இரண்டு. முப்பத்தோர் ஆண்டுகள் ஓவிய ஆசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான் என்பது ஒன்று. "சார் கடற்கரை ஊர்க்காரர்தானே" என்று கூட்டத்தில் ஒரு பெண் சொன்னது மற்றொன்று. அவளுக்கு அது எப்படித் தெரிந்ததென்று வியந்தேன். என் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள ஒரு மீனவச் சிற்றூர் என்பதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, சொன்னதும் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே இருந்த குறுகிய இடத்தில்தான் நான் இத்தனை ஆண்டுகள் குடியிருந்திருக்கிறேன்.

சவேரியார் விழாவுக்கு நண்டு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 1546-இல் அவர் மொலுக்கத் தீவுகளில் படகில் சென்றபோது புயல் எழுந்ததாம். கழுத்தில் அணிந்திருந்த சிறிய பாடுபட்ட சுரூபத்தைக் கடலில் நனைத்து அலையை அமர்த்த முயன்றார். அது கைநழுவி ஆழத்தில் போயிற்று. மறுநாள் செராம் தீவின் கரையில் அவர் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நண்டு நீரிலிருந்து ஏறி, அதே சுரூபத்தைத் தன் கொடுக்குகளில் நிமிர்த்திப் பிடித்தபடி அவர்முன் வந்து நின்றது. அவர் முழந்தாளிட்டு அதைப் பெற்றுக்கொண்டார். நண்டு கடலுக்குத் திரும்பியது. உடன் சென்ற போர்த்துக்கீசியரான பவுஸ்தோ ரொட்ரீகசு என்பவர் புனிதர் பட்ட விசாரணையில் இதைச் சாட்சியமாகக் கூறினார். சவேரியாரின் கடிதங்களில் இச்செய்தி இல்லை. வரலாற்றாசிரியர்கள் இதை ஐயத்தோடுதான் பார்க்கின்றனர். 1622-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபின் இந்த நண்டு ஓவியங்களிலும் சிற்பங்களிலும் புகுந்து நிலைத்துவிட்டது. அது எவ்வகை நண்டு, என்ன நிறம் என்று கதை சொல்வதில்லை. நானும் அன்று அதைக் கேட்கவில்லை.

பழைய நாளிதழ்களை மூன்று நாள் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டிக் கூழாக்கினேன். சிரட்டையின் முதுகில் அப்பிக் காயவைத்தால் ஓடு ஆயிற்று. கம்பியில் துணி சுற்றிக் கால்கள். கருமணி ஒட்டிக் கண்கள். மொத்தம் இருபத்துநான்கு. எல்லாவற்றுக்கும் பளபளக்கும் சிவப்பு எனாமல் பூசி வெளித்திண்ணையில் வரிசையாக வைத்தேன். தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஓவிய ஆசிரியனுக்கு அதைவிட வேறென்ன பரிசு வேண்டும்? இரண்டு நாள் நான் நிலத்தில் கால் பாவாமல் நடந்தேன்.

மூன்றாம் நாள் ஊரிலிருந்து அக்கா வந்தாள். எழுபத்துநான்கு வயது. கைப்பையைக் கீழே வைக்குமுன் திண்ணையைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, எல்லாத்தையும் அவிச்சுல்லா வச்சிருக்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது என் முகமும் அந்த எனாமல் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும்.

நண்டு சட்டியில் வெந்தபின்தான் சிவக்கிறது. அதன் ஓட்டில் அஸ்டாக்சாந்தின் என்னும் செந்நிறப் பொருள் உயிரோடிருக்கும்போதே உண்டு. ஆனால் அது ஒரு புரதத்தோடு பிணைந்து கிடப்பதால் நீலமாகவோ பச்சையாகவோ தோன்றுகிறது. கொதிநீரில் புரதம் சிதைந்ததும் சிவப்பு விடுதலையாகி வெளியே வருகிறது. பள்ளியில் என்னோடு பணியாற்றிய அறிவியல் ஆசிரியர் ஒருவர் பின்னர் இதை எனக்கு விளக்கினார். உயிரோடே சிவந்த நண்டுகள் உலகில் இல்லாமலில்லை. இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில் காட்டில் வாழும் செந்நண்டுகள், மழை தொடங்கியதும் கோடிக்கணக்கில் கடல் நோக்கி நடக்கின்றன. ஆனால் நான் அந்தத் தீவை நினைத்துச் செய்யவில்லையே. கடைகளில் விற்கும் பொம்மை நண்டு, உணவுவிடுதிச் சுவரில் ஒட்டிய நண்டு, நாட்காட்டியின் கடக ராசி நண்டு: இவற்றையெல்லாம் பார்த்துப் பார்த்து, கடற்கரையில் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்தவன் வெந்த நண்டை நண்டென்று செய்துவைத்தேன். ஏனத்தில் மட்டுமே நண்டைக் கண்டவன் செய்வதைச் செய்தேன்.

அன்று மாலை அக்காவை ஆலயத்துக்கு அழைத்துச் சென்றேன். மேடை வேலை பாதி முடிந்திருந்தது. நீலத்துணி அலைகள், தெர்மாகோல் நங்கூரம், எட்டு ஆரமுள்ள பெரிய கப்பல் சக்கரம், சிவப்பு வெள்ளைக் கோடிட்ட மிதவை வளையம். அக்கா சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, "இது எந்த ஊர் வண்டிச் சக்கரம்?" என்றாள். எங்கள் ஊரில் கட்டுமரமும் வள்ளமும் உண்டு; துடுப்பும் பாயும் உண்டு; சக்கரம் கிடையாது. கடல் என்று சொல்லிக் கடைக்காரர் விற்பவை யாவும் வேறு யாரோ பார்த்த கடலைச் சேர்ந்தவை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

பின்திரையாக ஒரு மெய்யான வலை தொங்கியது. இளையோர் இருவர் இராமேசுவரம் பக்கம் போய்ப் பழைய வலையொன்றை விலைக்கு வாங்கி வந்திருந்தனர். அக்கா அதனருகே சென்றாள். கண்ணிக்குள் நான்கு விரல்களை நுழைத்துப் பார்த்தாள். "நண்டு வலைதான்" என்றாள். பிறகு மேலே பார்த்தாள். "தலைகீழாக் கட்டிட்டாங்களே." மிதவைகள் கீழே கிடந்தன, ஈயக்குண்டுகள் மேலே தொங்கின. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் நேற்றிலிருந்து இருமுறை பார்த்தும் கவனிக்கவில்லை. இளைஞர் இருவர் சிரித்துக்கொண்டே ஏறி அதைத் திருப்பிக் கட்டினர். அவர்கள் கட்டும்வரை அக்கா சும்மா நிற்கவில்லை. வலையின் கிழிசல் ஒன்றை விரலால் தேடிப் பிடித்து, யாரிடமோ நூல் கேட்டு வாங்கி, முடிந்துகொண்டிருந்தாள். மேடைக்குப் பின்னால் தொங்கப்போகும் வலைக்குக் கிழிசல் இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

அப்போது ஒரு முடிச்சில் சிக்கியிருந்த காய்ந்த நண்டுக்கால் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நகத்தளவு. அந்த மேடை முழுவதிலும் கடலிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

வலையில் அகப்பட்ட நண்டை எடுப்பது எளிய வேலையன்று. அது வலையைக் கொடுக்கால் பற்றிக்கொள்ளும். மற்றக் கால்களில் நூல் சுற்றியிருக்கும். இழுத்தால் கால் ஒடியும். கால் ஒடிந்த நண்டுக்கு விலை குறையும். பின்புறம், துடுப்புக் கால்கள் உடலோடு சேரும் இடத்தில் பிடித்து, ஒவ்வொரு காலாகப் பொறுமையோடு விடுவிக்க வேண்டும். பொழுது விடியுமுன் கரைக்கு வலை வந்ததும் பெண்கள் வட்டமாக அமர்ந்து இதைச் செய்வார்கள். எங்கள் அம்மாவும் செய்தாள்; அக்காவும் செய்தாள். கீறிய விரலில் உப்பு நீர் படும்போது அம்மா வாயால் காற்றை உள்ளிழுப்பாள். 'ஸ்' என்னும் அந்த ஓசை என் செவியில் இன்னும் இருக்கிறது. அக்காவின் வலக்கைச் சுட்டுவிரல் நுனி ஒருபுறம் வளைந்திருக்கும். ஒரு நண்டின் நினைவு அது.

இரவு உணவுக்குப் பின், "வண்ணமெல்லாம் இருக்கா?" என்று கேட்டாள் அக்கா. திண்ணையில் பாய் விரித்து அமர்ந்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் தீட்டினேன். மாணவர்களுக்குத் தக்காளியையும் மண்குடத்தையும் பல்லாயிரம் முறை வரைந்து காட்டியவன், அன்றுதான் என் ஊரின் உயிரினமொன்றைக் கேட்டு வரையக் கற்றேன்.

ஓடு உருண்டையாய் இருக்கக்கூடாது என்பதில் தொடங்கினாள். சிரட்டை அச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை, "இது ஆமையா நண்டா?" என்றாள். நீலக்கால் நண்டின் ஓடு அகலத்தில் நீளத்தைப் போல இரு மடங்குக்கு மேல் இருக்கும். பக்கத்துக்கு ஒன்பது முள். கடைசி முள் ஊசிபோல் நீண்டு வெளியே நிற்கும். கூழ் மீதியிருந்ததால் இருபுறமும் ஒட்டி இழுத்தேன். ஆண் நண்டுக்கு நீலம், அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள், கொடுக்கு நல்ல நீலம். பெண் நண்டுக்கு அந்த அழகு இல்லை. மங்கிய பாசி நிறம். "ஆம்பளைக்குத்தான் சொக்காய்" என்று சிரித்தாள். முதுகில் மூன்று வட்டக் கண்போல் செம்புள்ளி கொண்டது முக்கண் நண்டு. கழிமுகச் சேற்றில் வாழும் கழி நண்டு கரும்பச்சை. அதன் கொடுக்குக்குள் விரல் போனால் போனதுதான். கடைசி இரு கால்கள் தட்டையாய்த் துடுப்புபோல் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினாள். நான் எல்லாக் கால்களையும் ஊசியாய்ச் செய்திருந்தேன். "இதுக எப்படி நீந்தும்?" என்று அவள் உண்மையான கவலையோடு கேட்டாள். இருபத்துநான்கு நண்டுகளுக்கும் அட்டை வெட்டித் துடுப்பு ஒட்டினோம்.

இறுதியாகச் சிலுவை நண்டு. வெளிர் மஞ்சளில் செம்பழுப்புப் பட்டைகள். ஓட்டின் நடுவே, முன்புறமாக, தெளிவான ஒரு சிலுவை. மலாக்காவிலும் பிற கீழைக் கடற்கரைகளிலும் சவேரியாருக்குச் சுரூபத்தை எடுத்து வந்தது இந்த இனந்தான் என்றும், அவர் ஆசி அளித்ததால் வந்த குறி அது என்றும் மக்கள் சொல்வதுண்டு. உயிரோடிருக்கும்போதே சிவப்புச் சாயல் கொண்ட நண்டு எங்கள் பக்கத்து வலைகளில் இதுதான். நம் ஊரில் இது வலையில் வந்தால் என்ன செய்வார்கள், திரும்பக் கடலில் விடுவார்களா என்று கேட்டேன். பக்தியான விடையை எதிர்பார்த்தேன் போலும்.

"தின்போம்" என்றாள் அக்கா. "நெத்தியில சிலுவை போட்டுட்டுத் தின்போம்."

ஒரே ஒரு நண்டைச் சிவப்பாகவே விட்டுவைக்கச் சொன்னாள். மேடையோரம் இளையோர் ஒரு மீனவக் குடிசை அமைத்திருந்தனர். அதில் அடுப்பும் மண்சட்டியும் இருந்தன. "அதுல இதைப் போடு. அங்க இருந்தா அது பொய்யில்ல."

நள்ளிரவு கடந்திருக்கும். அவளுக்குப் பழைய நினைவுகள் வந்தன. சிறுவயதில் கரையோரம் முழு நண்டொன்று கிடப்பதாக எண்ணி ஓடிப்போய் எடுத்தேனாம், எடையே இல்லையாம், அழுதேனாம். நண்டு வளரும்போது ஓட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாக வெளியேறிவிடும். கால், கொடுக்கு, கண்மூடி வரை அச்சு மாறாமல் வெற்றோடு மிஞ்சும். கடலே செய்யும் நண்டுப் பொம்மை அது. வெளியேறிய நண்டு உடல் மெத்தென்று இருப்பதால், புது ஓடு இறுகும்வரை எங்காவது ஒளிந்திருக்கும். "அது சாகலடா, பெருசாகிப் போயிட்டு" என்று அம்மா தேற்றினாளாம்.

அம்மா பேச்சு வந்ததும் அக்கா தூரிகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உன் விடுதிக்கு நண்டுக் குழம்பு கொண்டுவந்தாளே, நினைவிருக்கா? எத்தனை நாள் அதையே சொல்லிக்கிட்டிருந்தா. தம்பி என் முன்னாலயே உக்காந்து, கொடுக்கை உடச்சு உறிஞ்சிச் சாப்பிட்டான், பக்கத்துப் பிள்ளைகளுக்கும் குடுத்தான்னு."

நான் நீலத்தைக் குழைத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து குழைத்தேன்.

1971-ஆம் ஆண்டு. எனக்கு வயது பதினாறு. நகரத்துப் பள்ளி விடுதியொன்றில் தங்கிப் படித்தேன். அம்மா வலையில் உழைத்த காசுதான் விடுதிக் கட்டணம். விடுதியில் கடற்கரைப் பிள்ளைகள் சிலரே இருந்தோம். எங்கள் பெட்டிகளை முகர்ந்து பார்த்து மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வது ஒரு விளையாட்டு. ஒரு சனிக்கிழமை நண்பகலில் மாடி வராந்தாவிலிருந்து வாயிலில் அம்மா நிற்பதைக் கண்டேன். கையில் தூக்குச்சட்டி. அக்காலத்தில் நண்டு இன்றுபோல் வெளிநாட்டுக்கு ஏறும் பண்டமன்று. ஊரில் விலைபோகாதது வீட்டுச் சட்டிக்கு வரும். ஆயினும் அவள் சினை நிறைந்தவற்றைத் தேர்ந்து சமைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். என் அருகே நண்பர்கள் நின்றிருந்தனர். காவல்காரரிடம் ஓடிப்போய், எனக்குப் படிப்பு நேரம், வெளியே வர இயலாது, சட்டியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லச் சொன்னேன். அம்மா சட்டியைக் கொடுத்தாள். எதிர்ப்புறம் ஒரு புங்கமரத்தடியில் நெடுநேரம் நின்றாள். பிறகு பேருந்து வந்தது.

சட்டியை மாலையில் சமையற்கட்டின் பின்புறம் கவிழ்த்துவிட்டுக் கழுவி வைத்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அதைத் திருப்பிக் கொடுத்தேன். "காரம் போதுமா இருந்ததா?" என்று கேட்டாள். போதும் என்றேன். அதன்பின் அவள் விடுதிக்கு எதுவும் கொண்டுவரவில்லை, நானும் கேட்கவில்லை. 1994-இல் அம்மா இறந்தாள்.

அவள் வீட்டில் என்ன சொன்னாள் என்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தத் திண்ணையில்தான் எனக்குத் தெரியவந்தது.

திருவிழா நன்றாக நடந்தது. சிலுவை நண்டை, ஆலயத்துக்கு வெளியே கெபியில் உள்ள சவேரியார் சுரூபத்தின் காலடியில் பங்குத்தந்தை தம் கையாலேயே வைத்தார். அதன் கொடுக்கில் ஒரு சிறு பாடுபட்ட சுரூபம். மணல் பரப்பிய முகப்பில் மற்ற நண்டுகள். பெரியவர்கள் அருகில் வந்து பார்த்து, இது என்ன வகை, அது என்ன வகை என்று கேட்டார்கள். அக்கா அருகே நாற்காலியில் அமர்ந்து சலிக்காமல் விடை சொன்னாள். பிள்ளைகளுக்குத்தான் ஏமாற்றம். ஒரு சிறுவன் நேராகவே சொல்லிவிட்டான்: "முன்னால நல்லா இருந்துச்சு சார். இப்ப நண்டு மாதிரியே இல்ல." விழா முடிந்து பொருள்களைப் பிரித்தபோது, குடிசைச் சட்டியில் கிடந்த அந்தச் சிவப்பு நண்டை அவன்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். நீல நண்டுகள் பரணில் ஒரு சாக்கில் இருக்கின்றன.

அக்காவைப் பேருந்து ஏற்றிவிடச் சென்ற காலையில் சொல்லிவிடலாம் என்று எண்ணினேன். வண்டி வரும்வரை அரைமணி நேரம் இருந்தது. பயணச் செலவு, கண் மருந்து, பேத்தியின் படிப்பு என்று பேசிப் பொழுது போயிற்று. வண்டி புறப்பட்டபின் சன்னல் வழியே வளைந்த விரலை ஆட்டிக்கொண்டு போனாள்.

இவ்விதழை மாதந்தோறும் அவளுக்கு அஞ்சலில் அனுப்பிவருகிறேன். அவளுக்குக் கண் மங்கிவிட்டது. பேத்திதான் மாலை வேளையில் படித்துக் காட்டுகிறாள். பேத்தியே, இந்த இடத்தை மட்டும் சற்று மெதுவாகப் படி.

அக்கா, அன்று நான் சாப்பிடவில்லை. அம்மாவைப் பார்க்கவும் இல்லை.